நாடாவில் பழுதில்லை

பழைய ஒலிநாடாக்களைப் பிழைக்க வைப்பது என் தொழில். ஈரத்தில் ஊறி, பூஞ்சை பிடித்து, சுற்றோடு சுற்று ஒட்டிப்போன நாடாக்களைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றிக் கொடுப்பேன். சென்னைக் காற்றில் இருபத்தைந்து வருடம் இந்த வேலை பார்த்தவளுக்குத் தெரியாத பூஞ்சை உலகத்தில் கிடையாது என்பது என் திமிர். அந்தத் திமிர் எப்படியோ ரொறன்ரோ வரைக்கும் எட்டி, அங்கே ஒரு காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர்களிடம் முப்பது நாடாக்கள் இருந்தன. பத்தை அங்கேயே வந்து ஆறு நாளில் செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் மீதி இருபதையும் எனக்கே அனுப்புவார்கள்.

நாடாக்களில் இருந்தது டெனே மொழி. கனடாவின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் ஏரிகள் உறைந்து கிடக்கும் ஊர்களில் பேசப்படுவது. மொழிநூல்காரர்கள் அதபாஸ்கன் என்று ஒரு பெரிய குடும்பத்தைச் சொல்கிறார்கள். அதில் ஒரு கிளை. எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

தங்கியது ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், தோழி ஒருத்தி வழியாகக் கிடைத்த வீட்டில். வீட்டுக்காரர் தவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து ஊரான பிறம்ரனில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். மனைவி ஜெயா அக்கா மட்டக்களப்பு. பிப்ரவரி முடியும் சமயம், பனி உருகிச் சேறாகியிருந்தது. முதல் நாள் மாலை இருவரும் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். 'ரீவி திருத்தப்படும்' என்று ஒரு பலகை. நான் நின்றுவிட்டேன்.

"டிவியைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்களா?"

"பின்னே, ரீவியை வேற என்னெண்டு எழுதிறது?" என்றார் தவம் அண்ணை. அவர் வாயில் அந்த முதலெழுத்து நம் டகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவே எங்கேயோ விழுந்தது.

சின்ன வயதில் க, ச, ட, த, ப, ற என்று வல்லினத்தைப் பாடமாக ஒப்பித்தோம். அதில் ற எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாம் சொல்லும் ற உருளுகிறதே தவிர எங்கே வலிக்கிறது? ஒரு காலத்தில் அது நாக்கு நுனி மேல் பல்லீறில் முட்டி வெடித்த எழுத்து. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் 'வெற்றி'யில் இன்னும் முட்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனேன். 'வெற்றி' என்ற சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லிவிட்டு, "மலையாளம் கலக்குது, போய்ட்டு வாங்க" என்றார் தேர்வாளர். அதனால்தான் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வேண்டியவள் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அஜின்கோர்ட்டில், ஈரச் சப்பாத்தோடு, அந்தப் பலகையின் முன்னால் நின்றபோது அந்தத் தேர்வாளரிடம் திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். தவம் அண்ணை மூண்டு என்பார், நான் மூணு என்பேன். மூன்று என்று எழுதுவதை இருவருமே சொல்வதில்லை. சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு அவர் "பேந்து" என்றார், ஜெயா அக்கா "மறுகா" என்றார், என் வாயில் வந்தது "பொறவு." யாரும் யாரையும் திருத்தவில்லை. இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன, அதுதான் காரணம்.

இரண்டாம் நாள் காப்பகத்துக்குப் போனேன். பொறுப்பாளர் கிரெகரி. அவர் நல்ல மனிதர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வடக்கு ஊர்களில் ஒன்றில் நான்கு குளிர்காலம் தங்கி மொழியைக் கற்றவர். இந்த நாடாக்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் குரலோடு பாடங்கள் தயாரிப்பது அவருடைய பத்து வருடக் கனவு.

நாடாக்கள் எண்பதுகளில் பதிவானவை. அந்தக் காலத்து நாடாவுக்கு ஒரு வியாதி உண்டு, பசை கசிந்து பிசுபிசுக்கும். ஓட்டினால் கருவியில் ஒட்டி உரிந்துவிடும். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துக் காயவிட்டால் சில வாரங்களுக்கு நன்றாக ஓடும். அவர்களிடம் இருந்த சூடேற்றும் பெட்டியின் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதை நம்பி வைத்தால் நாடா வெந்துவிடும். நான் யோசித்துவிட்டு ஜெயா அக்காவுக்குத் தொலைபேசினேன். வெயில் இல்லாத ஊரில் பாகற்காய் வற்றல் போட அவர் ஒரு காயவைக்கும் இயந்திரம் வைத்திருந்ததைக் காலையில் பார்த்திருந்தேன்.

"எடுத்துப் போங்ககா தங்கச்சி. தட்டெல்லாம் கழுவித் தாறன். பாவக்கா மணம் போகாட்டி என்னைக் குறை சொல்லக்கூடாது," என்றார்.

மதியம் போய் அதை எடுத்து வந்து, வெப்பமானியை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் சோதித்தேன். ஒரு பாகை அசையவில்லை. கிரெகரி முகத்தைச் சுளித்தாலும் சம்மதித்தார். அன்று மாலை காப்பகம் முழுக்கப் பாகற்காய் மணத்தது.

மாலை நான்கரைக்கு ஆரஞ்சு நிற மேலங்கியோடு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். பெயர் லோரா. ஸ்கார்பரோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வடக்கிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. எட்டாம் எண் நாடாவில் பேசுவது அவருடைய அம்மா. நாடாக்களின் பேச்சை எழுதித்தரவும் பொருள் சொல்லவும் காப்பகம் சில வருடமாகவே அவரை அழைத்து வந்தது. அம்மா இறந்த பிறகு அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

"என்ன நாற்றம் இது?" என்று கேட்டார். சொன்னேன். "அம்மா மீனைக் காயவைத்த இடம் இதைவிட மோசமாக நாறும்," என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை பேருந்தில் எதிர்த் திசையில் ஏறிவிட்டேன். வீடுகள் குறைந்து, வெள்ளை வயல்கள் வரத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமலே மணியை அழுத்தி, கையால் சாலையின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். உறைந்த நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றேன். காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிழைப்பே காதில்தானே.

அன்று மாலை லோரா வந்ததும் எட்டாம் நாடாவை ஓட்டினேன். ஒரு ஆண் குரல் கேள்வி கேட்டது. ஏரியின் அக்கரை ஊர்க்காரர், பதிவுக்காக வந்தவர் என்றார் லோரா. பிறகு ஒரு பெண் குரல். அடித்தொண்டையிலிருந்து, அவசரமில்லாமல். பனிக்கட்டியில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்ததைப் பற்றிப் பேசுகிறாராம். லோரா கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியில் நிறுத்தவா என்று கேட்டேன். தலையசைத்தார், வேண்டாம் என்று.

ஓடி முடிந்ததும் கிரெகரிதான் முதலில் பேசினார். "நாடா கெட்டிருக்கிறது."

"இல்லையே," என்றேன்.

தண்ணீருக்கு அந்த மொழியில் 'டூ'. அதாவது கிரெகரி கற்ற ஊரில், அச்சிட்ட புத்தகங்களில், பக்கத்து உறவுமொழிகள் பலவற்றிலும் முதலெழுத்து அதுதான். நாடாவில் இருந்த அம்மா 'கூ' என்றார். ஒரு முறை இல்லை, இருபத்தேழு முறை.

கிரெகரி சொன்ன காரணத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. டகரம் போன்ற ஒலி வெடிக்கும்போது மேலே கீச்சென்று ஓர் இரைச்சல் இருக்கும். நாடா தேய்ந்தால் முதலில் போவது அந்த மேல் ஒலிகள்தான். அவை போனால் ட என்பது க போலக் கேட்கக்கூடும். "அதற்காகத்தானே உங்களை அழைத்தோம்? மேல் ஒலிகளைத் தூக்கிவிடுங்கள், டூ வந்துவிடும்," என்றார்.

"என் அம்மா அப்படித்தான் சொல்வாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்," என்றார் லோரா.

"சில ஊர்களில் அப்படி மாறியிருப்பது எனக்கும் தெரியும். பழைய வடிவம் டூதான். பிள்ளைகள் புத்தகத்தில் ஒன்றைப் பார்த்து, காதில் இன்னொன்றைக் கேட்டால் குழம்புவார்கள். இருக்கும் பிள்ளைகளே கொஞ்சம்."

லோரா மேலங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் தவம் அண்ணை இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "உதென்ன தங்கச்சி, ரூ எண்டாலும் கூ எண்டாலும் தாகம் ஒண்டுதானே," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கட்டினார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். "இஞ்ச வந்த புதிசிலை, என்ரை தமிழ் விளங்கேல்லை, சரியான தமிழிலை சொல்லுங்கோ எண்டு ஒருத்தர் கேட்டவர். நானும் விழுந்தடிச்சு மாத்திக் கதைச்சன். அதை நினைச்சா இப்பவும் எனக்கு என்னிலைதான் கோவம் வாறது."

நான்காம் நாள் முழுவதும் எட்டாம் நாடாவோடு இருந்தேன். காதை மட்டும் நம்பாமல், ஒலியைப் படமாக வரைந்து பார்த்தேன். அம்மாவின் ஸகரங்கள் எல்லாம் ஊசி போல நின்றன. மேல் ஒலி தேய்ந்த நாடாவில் ஸ அப்படி நிற்காது. அதைவிடப் பெரிய சாட்சி அந்த ஆண் குரல். அவர் கேள்வியில் 'டூ' என்கிறார், துல்லியமான டகரத்தோடு. மூச்சு விடுவதற்குள் அம்மா பதிலில் 'கூ' என்கிறார். அதே நாடா, அதே ஒலிவாங்கி, அதே நிமிடம். நாடா கெட்டிருந்தால் அந்த மனிதருக்கும் கெட்டிருக்க வேண்டும்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, ஒருவரை ஒருவர் ஒரு கணமும் தடுக்காமல் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். எனக்கு மொழி தெரியாது. ஆனால் அவர்கள் சிரிக்கும் இடங்கள் தெரிந்தன.

படங்களை எடுத்துக்கொண்டு கிரெகரியிடம் போனேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "சரி, அவர் கூ என்றே சொல்லியிருக்கட்டும். அப்படியும் மூலம் டூதானே," என்றார்.

"காதுக்குக் கன்னடத்தில் கிவி என்பார்கள். தமிழில் செவி. முன்னொரு காலத்தில் எங்களுக்கும் அங்கே ககரம்தான் இருந்தது என்கிறார்கள். அதற்காக இன்றுவரை யாரும் என் செவியைப் பிடித்துத் திருகியதில்லை," என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் பாதி அழகு போய்விட்டது. மீதிப் பாதி அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது.

அன்று லோராவைக் கொத்துரொட்டி சாப்பிடக் கூட்டிப்போனேன். கல்லில் இரும்புத்தகடுகள் அடிக்கும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

"எனக்கு இரண்டும் வரும், தெரியுமா?" என்றார். "பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் வேறு ஊர்ப் பள்ளி விடுதியில் இருந்தேன். அங்கே எல்லாப் பெண்களும் டூ. நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். நாக்கைக் கொண்டுபோய்ப் பல்லுக்குப் பின்னால் வைக்க ஒரு வாரம் போதும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றேன். டூ என்று. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்."

"பிறகு மாற்றிக்கொண்டீர்களா?"

"வீட்டில் கூ. மற்றவர்களோடு டூ. இந்தக் காப்பகத்திலும் முதல் நாளிலிருந்து டூதான் சொல்லி வருகிறேன். கிரெகரிக்கு என் உச்சரிப்பு ரொம்பப் பிடிக்கும்."

ஐந்தாம் நாள் கிரெகரி ஒரு யோசனையோடு வந்தார். நாடாவைத் தொட வேண்டாம், அது அப்படியே அலமாரியில் இருக்கட்டும். பாடத்துக்கு மட்டும் அம்மாவின் வார்த்தைகளை மகளே புதிதாகப் பேசிவிடட்டும். தெளிவான குரல், தெளிவான டூ. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. லோரா வாசிக்க வேண்டியதை அவர் ஏற்கெனவே காகிதத்தில் தடித்த எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

லோரா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். வருடக்கணக்காக எத்தனையோ பேர் ஒலிவாங்கிக்கு முன்னால் தங்களை மாற்றிக்கொள்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். பல முறை நானே பொத்தானை அழுத்தி, "இன்னொரு தரம், கொஞ்சம் சுத்தமாக" என்று சொல்லியிருக்கிறேன். அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் வாக்கியத்தை வாசித்தார். கூ.

கிரெகரி பொத்தானை அழுத்தி, "லோரா, காகிதத்தில் இருப்பது போல," என்றார்.

மறுபடி வாசித்தார். கூ.

"தெரியாமல் வருகிறதா? கொஞ்சம் நிறுத்தி நிதானமாக."

நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். கூ.

ஏழு முறை. குரல் உயரவில்லை, வேகம் மாறவில்லை. ஏழாவது முறை முடிந்ததும் காகிதத்தை மடித்து மேசையில் வைத்து, கண்ணாடி வழியாகக் கிரெகரியைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு டூ நன்றாக வரும். இத்தனை வருடம் உங்களிடம் அப்படித்தான் பேசினேன். என் அம்மாவின் வாயில் அதை வைக்க மாட்டேன். வேறு யாரையாவது வைத்துச் செய்யலாம் என்று நினைத்தால், முதலில் ஊரைக் கேளுங்கள்."

கிரெகரி என்னைப் பார்த்தார். "பதிவை நிறுத்துங்கள்."

"நிறுத்துகிறேன். ஆனால் இந்த ஏழும் நல்ல பதிவுகள், அழிக்க மாட்டேன்," என்றேன். ஏழையும் பெயரிட்டுச் சேமித்தேன். மீதி இருபது நாடாக்கள் அந்த நிமிடமே கையை விட்டுப் போய்விட்டன என்று தெரிந்தது. என்ன ஆச்சரியம் என்றால், அதில் எனக்கு வருத்தமில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஆறாம் நாள் ஊரைக் கேட்டார்கள். அந்த நாடாக்களின் மேல் உரிமையுள்ள குழு ஒன்று வடக்கே இருக்கிறது. மூன்று பெண்கள் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வந்தார்கள். கிரெகரி தன் பக்கத்தை நேர்மையாகச் சொன்னார். லோரா தன் பக்கத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். நான் நாடாவின் ஒரு நிமிடத்தை ஓட்டினேன், ஆண் குரலும் அம்மாவின் குரலும் அடுத்தடுத்து வரும் இடத்தை.

தொலைபேசிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. பிறகு ஆக்னஸ் என்ற பெண்மணி பேசினார். லோரா எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்.

"நான் அக்கரையில் பிறந்தவள், டூ சொல்பவள். என் புருஷன் சாகும்வரை கூ. நாற்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் கேட்டபோது தண்ணீர் கொடுத்தேன். நான் கேட்டபோது அவர் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் அப்படி, இரண்டு பேர் இப்படி. ஒன்றும் குழம்பவில்லை. அந்தப் பெண்ணின் குரல் இருக்கிறபடியே பாடத்தில் வர வேண்டும். வராது என்றால் முப்பது நாடாவையும் திருப்பி அனுப்புங்கள். எங்களிடம் அலமாரி இருக்கிறது."

மற்ற இருவரும் ஒரு சொல்லில் ஆமோதித்தார்கள். "சரி," என்றார் கிரெகரி கடைசியில். "புத்தகத்தில் இரண்டையும் போடுகிறேன். அச்சுக்கு எழுத்தை மறுபடி கோக்க வேண்டும்." அவருக்கு அது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். அவர் மேல் அப்போது மரியாதை வந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். நான் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் என் அறிக்கையோடு வந்தார். ஒவ்வொரு நாடாவின் நிலையையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அது நாடாவோடு நிரந்தரமாக இருக்கும். எட்டாம் நாடாவுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: 'நாடாவில் பழுதில்லை. ககர ஒலி பேச்சாளரின் சொந்த உச்சரிப்பு.'

"பழுது இருக்கவும் வாய்ப்புண்டு என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? பின்னால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையாக இருக்கும்," என்றார்.

"பழுது இருந்தால் சேர்ப்பேன்."

"ஒரே ஒரு வரிதான்."

"எனக்கும் ஒரு வரியில்தான் வேலை போனது, இருபத்திரண்டு வயதில்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கவும் நான் முயலவில்லை. கையெழுத்திட்டு, தேதி போட்டு, நீட்டினேன்.

லோரா தன் பழைய காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் உறைமழை பிடித்து, கண்ணாடித் துடைப்பான் நடுவழியில் நின்றுபோனது. சாலையோரம் நிறுத்தி, இறங்கி, கையுறையாலேயே கண்ணாடியை வழித்துவிட்டு மறுபடி ஏறினார். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை நானும் இறங்கி என் பக்கத்தை வழித்தேன். அம்மாவின் பதிவு அவருடைய தொலைபேசியில் இருந்தது. காரில் அதை ஓடவிட்டுக்கொண்டே ஓட்டினார், அம்மாவோடு சேர்ந்து அங்கங்கே முணுமுணுத்துக்கொண்டு.

ஊர் திரும்பி நான்கு மாதமாகிறது. மீதி இருபது நாடாக்கள் எனக்கு வரவில்லை. வேறு யாரோ செய்கிறார்களாம், நன்றாகச் செய்யட்டும். எட்டாம் நாடாவின் குறிப்பை மட்டும் என் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி, காப்பகத்திலிருந்து மிகவும் மரியாதையான இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. இரண்டுக்கும் அதே மரியாதையோடு, முடியாது என்று எழுதிவிட்டேன். எத்தனை வந்தாலும் எழுதுவேன்.